அடியாத நாயும் படியும்

- இறுதியாண்டு மாணவன், இன்ஸ்ட்ருமென்டேஷன் துறை



"அடியாத மாடு படியாது" என்பது நம் ஊர்ப் பழமொழி. எங்கள் வீட்டில் அதை மாட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. எனக்கும் சொன்னார்கள், நான் வளர்த்த நாய்க்கும் சொன்னார்கள். நானும் நம்பினேன். அப்படி நம்பியதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் பாடத்திற்குள் போக முடியும்.

மணி என்று ஒரு நாட்டு நாய். செவலை நிறம். நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, மறுநாள் கையெழுத்து வாங்க வேண்டிய ரெக்கார்டு நோட்டை அது கடித்துக் குதறிவிட்டது. நான் பார்த்த நேரத்தில் அது கொல்லைப்புறத்தில் சிவனே என்று படுத்திருந்தது. "மணி, வாடா" என்று கூப்பிட்டேன். வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு செருப்பால் நாலு போடு போட்டேன். "இனிமே நோட்டைத் தொடுவியா?" என்று கேட்டேன். அது சுருண்டு படுத்துக்கொண்டது. சரி, புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் கேட் திறந்து கிடந்தது. மணி மெயின் ரோட்டின் நடுவில் எதையோ முகர்ந்துகொண்டு நின்றது. தூரத்தில் ஒரு லாரி. "மணி, வாடா!" என்று கத்தினேன். என்னைப் பார்த்தது. ஓரடி முன்னால் வைத்தது. பிறகு காதை மடக்கி, வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு பின்வாங்கியது. அவ்வளவுதான்.

அன்று ராத்திரி அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "கூப்பிட்டா ஓடி வர்ற நாய்தானேப்பா அது, ஏன் வரல?"

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தேடல் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம், பார்வையற்றவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் உதவும் நாய்களைப் பழக்குகிற தொழில்முறைப் பயிற்சியாளர்களின் உலகம். நாய் வளர்க்காதவர்களும் இதைப் படிக்கலாம். ஏனென்றால் இது நாயைப் பற்றிய பாடம் மட்டும் அல்ல.

யார் இந்தப் பயிற்சியாளர்கள்?

வீட்டு நாய்க்கு 'உட்கார்', 'கை கொடு' சொல்லித் தருவது ஒரு பொழுதுபோக்கு. உதவி நாயைப் பழக்குவது ஒரு தொழில். கண் தெரியாதவரைச் சாலையில் நடத்திச் செல்லும் வழிகாட்டி நாய், காது கேளாதவருக்கு அழைப்பு மணியையும் குழந்தை அழுவதையும் தொட்டு உணர்த்தும் நாய், சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கீழே விழுந்த சாவியை எடுத்துத் தந்து, கதவைத் திறந்து, விளக்கு சுவிட்சைப் போடும் நாய் என்று இதில் பல வகை.

வெளிநாடுகளில் இதற்கென்றே பள்ளிகள் இருக்கின்றன. குட்டிக்கு ஏறத்தாழ எட்டு வாரம் ஆனதும் தன்னார்வக் குடும்பம் ஒன்று அதை எடுத்து வளர்க்கும். கடைத்தெரு, பஸ், மாடிப்படி, கூட்டம் எல்லாம் பழகி, ஒன்றேகால் ஒன்றரை வயதில் அது பள்ளிக்குத் திரும்பும். அதன்பின் சில மாதங்கள் பயிற்சியாளரிடம். கடைசியில் இரண்டு முதல் நான்கு வாரம் வரை, நாயைப் பெறப்போகிறவரும் நாயும் சேர்ந்து படிப்பார்கள். நாயைப் பழக்குகிறவர் ஆவதற்கும் நம்ம அப்ரன்டிஸ் மாதிரிதான், மூத்தவரின் கீழே சில ஆண்டுகள் வேலை கற்க வேண்டும்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே திருத்திவிடுகிறேன். வழிகாட்டி நாய் தன் எஜமானரைக் கடைக்கும் ஆபீசுக்கும் தானாக அழைத்துக்கொண்டு போகும் என்று பலர் நினைக்கிறார்கள். வழியை முடிவு செய்வது மனிதர்தான். 'நேரே', 'வலது', 'இடது' என்று அவர் சொல்வார். சிக்னலில் எப்போது கடக்கலாம் என்பதையும் வண்டிச் சத்தத்தைக் கேட்டு அவரே தீர்மானிப்பார். வழியில் உள்ள பள்ளம், படி, கம்பம், வண்டி ஆகியவற்றிலிருந்து அவரைக் காப்பதுதான் நாயின் வேலை. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு நடை.

கொஞ்சம் வரலாறு

முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1916-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் டாக்டர் கெர்ஹார்ட் ஸ்டாலிங் என்பவர் வழிகாட்டி நாய்ப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பிறகு போட்ஸ்டாமிலும் ஒரு பள்ளி வந்தது. அதைப் பார்த்து வியந்தவர் டாரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. ஸ்விட்சர்லாந்தில் நாய்களைப் பழக்கி வந்த அவர், 1927 நவம்பரில் ஓர் அமெரிக்க வார இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்.

டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகரில் மாரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞருக்கு அவருடைய அப்பா அந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினார். ஃபிராங்க் உடனே கடிதம் எழுதினார். 1928-ல் ஸ்விட்சர்லாந்துக்குப் போய் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் பெண் நாயுடன் பயிற்சி பெற்றார். நாயின் பெயர் 'கிஸ்'. நடுத்தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வெட்கப்பட்டு 'பட்டி' என்று மாற்றிக்கொண்டாராம்! அதே ஆண்டு நியூயார்க்கில் பத்திரிகையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வண்டிகள் பாய்ந்து செல்லும் ஒரு வீதியைப் பட்டியை மட்டும் நம்பிக் கடந்து காட்டினார். 1929 ஜனவரியில் 'தி சீயிங் ஐ' என்ற பள்ளி பிறந்தது. 1931-ல் இங்கிலாந்தின் வாலஸியில் முதல் நான்கு வழிகாட்டி நாய்கள் தயாராயின. 1942-ல் கலிபோர்னியாவில் 'கைடு டாக்ஸ் ஃபார் தி பிளைண்ட்' தொடங்கியது. 1975-ல் அதே கலிபோர்னியாவில் பானி பெர்ஜின் என்ற பெண்மணி, நடமாட முடியாதவர்களுக்கு உதவும் நாய்களுக்காகக் 'கனைன் கம்பேனியன்ஸ்' அமைப்பைத் தொடங்கினார்.

அந்த நாட்களில் பயிற்சி எப்படி இருந்தது? சரியாகச் செய்தால் தட்டிக்கொடுப்பது, தவறினால் கழுத்துப் பட்டையை வெடுக்கென்று சுண்டி இழுப்பது. சோறு போட்டுப் பழக்கக்கூடாது என்பது பல பள்ளிகளில் எழுதாத சட்டம். ஓட்டலிலும் மார்க்கெட்டிலும் வேலை செய்ய வேண்டிய நாய் தீனிக்கு அலையும் என்ற பயம். அந்த முறையில் பழகிய நாய்களும் ஆயிரக்கணக்கான பேருக்குக் கண்ணாக இருந்தன. அதை நாம் மறுக்க வேண்டாம். ஆனால் வேறொரு வழி இருக்கிறது என்பது ஒரு மாவு மில்லில் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

மாவு மில்லும் புறாவும்

பி.எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1938-ல் வெளியிட்ட நூலில் ஓர் எளிய உண்மையை நிறுவினார். ஒரு செயலுக்குப் பின்னால் என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அந்தச் செயல் கூடும் அல்லது குறையும். இரண்டாம் உலகப் போர் நேரத்தில், 1943-ல், மினியாபொலிஸ் நகரில் ஒரு மாவு மில்லின் மேல்மாடியில் அவர் புறாக்களை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். புறாவை வைத்து ஏவுகணையை வழிநடத்தும் திட்டம் அது. போரில் அது பயன்படவில்லை.

ஒரு நாள் அவரும் இரண்டு உதவியாளர்களும் புறாவுக்கு மரப்பந்தைத் தள்ளக் கற்றுக்கொடுக்க நினைத்தார்கள். பந்தைத் தள்ளினால் தானியம் தரலாம் என்று காத்திருந்தார்கள். புறா கண்டுகொள்ளவே இல்லை. சலித்துப்போய், பந்தைப் பார்த்தாலே போதும், தானியம் தருவோம் என்று முடிவு செய்தார்கள். பார்த்தது, தானியம். அலகைப் பந்துப் பக்கம் கொண்டுபோனது, தானியம். தொட்டது, தானியம். சில நிமிஷத்தில் புறா பந்தைப் பெட்டியின் சுவரில் மோதவிட்டு விளையாடிக்கொண்டிருந்தது. யாரும் அடிக்கவில்லை, யாரும் அதன் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. பெரிய காரியத்தைச் சின்னச் சின்னப் படியாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் கூலி கொடுத்தார்கள். இதற்குப் பெயர் 'ஷேப்பிங்'. தமிழில் 'படிப்படியாக உருவாக்கல்' எனலாம்.

அந்த உதவியாளர்களில் ஒருவர் கெல்லர் பிரெலண்ட். அவரும் மனைவி மேரியனும் இதையே தொழிலாக எடுத்துக்கொண்டு பல வகை விலங்குகளைப் பழக்கினார்கள். பிறகு டால்பின் பழக்குகிறவர்களிடம் இந்த முறை வேரூன்றியது. நீரில் நீந்தும் டால்பினுக்கு மூக்கணாங்கயிறு போட முடியுமா? சவுக்கால்தான் அடிக்க முடியுமா? கோபம் வந்தால் அது பாட்டுக்கு அந்தப் பக்கம் நீந்திப் போய்விடும். ஆகவே விசிலும் மீனும்தான் வழி. ஹவாயில் டால்பின் பழக்கிய கேரன் பிரையர் 1984-ல் எழுதிய 'டோன்ட் ஷூட் த டாக்' என்ற நூல் இதைச் சாதாரண ஜனங்களிடம் கொண்டுவந்தது. 2000-களின் நடுவில், பல்லாண்டுகள் பழைய முறையில் பயிற்சி தந்த மிஷேல் பூலியட் என்பவரின் முயற்சியால் கலிபோர்னியாவின் வழிகாட்டி நாய்ப் பள்ளியும் இந்த முறைக்கு மாறியது. தானே கற்றுத் தேர்ந்த ஒன்றைத் தானே மாற்றிக்கொள்வது லேசான காரியம் இல்லை.

நான்கு கட்டம்

இனி பாடம். நோட்டில் ஒரு சதுரம் போட்டு நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். இங்கே 'பாசிட்டிவ்' என்றால் நல்லது, 'நெகட்டிவ்' என்றால் கெட்டது என்று அர்த்தமில்லை. கணக்கில் வரும் கூட்டல், கழித்தல் குறிகளாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

1. விரும்புவதைக் கூட்டினால் செயல் அதிகமாகும். உட்கார்ந்தது, பிஸ்கட் கிடைத்தது. இதுதான் பாசிட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட், அதாவது நேர்மறை வலுவூட்டல்.

2. வெறுப்பதைக் கழித்தாலும் செயல் அதிகமாகும். பட்டையை இறுக்கிப் பிடித்து, உட்கார்ந்ததும் தளர்த்துவது. இது எதிர்மறை வலுவூட்டல்.

3. வெறுப்பதைக் கூட்டினால் செயல் குறையும். செருப்படி. இது நேர்மறைத் தண்டனை. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

4. விரும்புவதைக் கழித்தாலும் செயல் குறையும். மேலே தாவினால் முகத்தைத் திருப்பிக்கொள்வது. இது எதிர்மறைத் தண்டனை.

இந்தப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே வேலை செய்கிறார்கள். நான் மணியிடம் செய்தது மூன்றாம் கட்டம். சரி, தண்டனையும் செயலைக் குறைக்கும் என்கிறதே விதி, நோட்டைக் கடிப்பதுதானே குறைந்திருக்க வேண்டும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

'க்ளிக்' என்ற ஒரு சத்தம்

நம் துறை நண்பர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். உலையின் சூட்டைத் தெர்மோகப்பிள் அளந்து சொல்கிறது. கன்ட்ரோலர் அதைப் பார்த்து ஹீட்டரைக் கூட்டுகிறது, குறைக்கிறது. தெர்மோகப்பிள் ஒரு நிமிஷம் தாமதமாகச் சொன்னால் என்ன ஆகும்? சூடு ஏறிய பிறகும் ஹீட்டர் எரியும், இறங்கிய பிறகும் அணைந்தே கிடக்கும். கருவி சொன்னது உண்மைதான், ஆனால் காலம் கடந்த உண்மை.

நாய்க்கு நாம் தரும் பரிசும் தண்டனையும் அப்படித்தான். அந்த விநாடியில் அது என்ன செய்துகொண்டிருந்ததோ, அதோடுதான் அதை முடிச்சுப் போடும். மணி நோட்டைக் கடித்தது எப்போதோ. அடி விழுந்தது என் குரலைக் கேட்டு ஓடி வந்தபோது. ஆகவே அது கற்றுக்கொண்ட பாடம் 'நோட்டைக் கடிக்காதே' என்பது அல்ல. 'இவன் கூப்பிட்டால் போகாதே' என்பது. அம்மா கேட்ட கேள்விக்கு விடை இதுதான். மணி சொன்ன பேச்சைக் கேட்காமல் சாகவில்லை. நான் கற்றுக்கொடுத்ததை ஒழுங்காகக் கற்றுக்கொண்டதால் செத்தது.

இந்தத் தாமதத்தை ஒழிக்கத்தான் பயிற்சியாளர் கையில் 'க்ளிக்கர்' என்ற சின்னப் பெட்டி. அழுத்தினால் தகரத் தவளைப் பொம்மை மாதிரி 'டிக்' என்று ஒரு சத்தம். எப்போதும் ஒரே மாதிரி, கோபமோ கொஞ்சலோ இல்லாத சத்தம். சரியான செயல் நடக்கும் அந்த விநாடியில் 'டிக்'. தீனி இரண்டு விநாடி கழித்து வந்தாலும் பரவாயில்லை, எதற்காக வந்தது என்று நாய்க்குத் தெரிந்துவிடும். பயிற்சி நடக்கும் முறை இது:

முதல் படி: 'டிக்', உடனே ஒரு துண்டு தீனி. இப்படிப் பல முறை. சத்தம் என்றால் கூலி உறுதி என்று நாய்க்குப் புரிய வேண்டும். சத்தம் கேட்டுவிட்டுக் கூலி தராமல் ஏமாற்றக்கூடாது.

இரண்டாம் படி: வேண்டிய செயலைப் பிடிப்பது. வழிகாட்டி நாய் நடைபாதையின் விளிம்பில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விளிம்புக்கு வந்து நின்றதும் 'டிக்', அந்த இடத்திலேயே தீனி. கொஞ்ச நாளில் நாய் தானாகவே விளிம்பைத் தேடிப்போய் நின்று, 'பார்த்தாயா?' என்பதுபோல் ஏறிட்டுப் பார்க்கும்.

மூன்றாம் படி: இடத்தை மாற்றுவது. ஒரு தெருவில் கற்றதை இன்னொரு தெருவில் நாய் மறந்ததுபோல் நிற்கும். அது அடம் அல்ல. அதற்கு அது புதுப் பாடம். அமைதியான தெரு, இரைச்சலான தெரு, மழை, கூட்டம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.

நான்காம் படி: கோப்பது. சாவியை எடுத்துத் தருவது ஒரு வேலை போலத் தெரிந்தாலும் அதில் பல வேலை இருக்கிறது. போவது, கவ்வுவது, பிடித்துக்கொண்டு வருவது, கையில் வைப்பது. பல பயிற்சியாளர்கள் கடைசி வேலையை முதலில் கற்றுத்தருவார்கள். கையில் வைக்கத் தெரிந்துவிட்டால், அதற்கு முந்தியது ஒவ்வொன்றும் தெரிந்த இடத்தை நோக்கியே போகும். பாதிவழியில் தடுமாறாது.

நாய் தவறினால்? இவர்களுடைய கேள்வி 'இந்த நாய்க்கு என்ன கேடு?' என்பதல்ல. 'நான் எந்தப் படியைத் தாண்டி வந்துவிட்டேன்?' என்பது. ஒரு படி பின்னால் போய் மறுபடி தொடங்குவார்கள். தாழ்ந்த மரக்கிளையின் கீழே நாய் தாராளமாகப் போய்விடும், பின்னால் வருபவருக்கு நெற்றி உடையும். அப்போது பயிற்சியாளர் நின்று, கிளையைத் தட்டிக் காட்டி, நாயைப் பின்னால் அழைத்துப்போய் மீண்டும் அதே வழியில் வருவார். இந்த முறை சுற்றிப் போனால் 'டிக்'. தன் உயரத்தை மட்டுமல்ல, கூட வருபவரின் உயரத்தையும் கணக்கில் எடுக்க ஒரு நாய் கற்றுக்கொள்கிறது!

கீழ்ப்படியாமையும் ஒரு பாடம்

எனக்கு மெய்சிலிர்த்த இடம் இதுதான். பார்வையற்றவர் 'நேரே போ' என்கிறார். எதிரே ஒரு கார் சத்தமில்லாமல் திரும்புகிறது. இந்த நேரத்தில் சொன்ன பேச்சைக் கேட்கும் நாய் இருவரையும் கொன்றுவிடும். நாய் மறுக்க வேண்டும். அசையாமல் நிற்க வேண்டும், தேவைப்பட்டால் பின்வாங்க வேண்டும். இதை 'அறிவார்ந்த கீழ்ப்படியாமை' என்கிறார்கள்.

இதற்காகப் பள்ளியின் ஆட்களே வண்டி ஓட்டிக்கொண்டு வந்து நாயின் குறுக்கே திருப்புவார்கள். சத்தமே வராத மின்சார வண்டிகளையும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். கட்டளை வந்த பிறகும் நாய் நின்றுவிட்டால் அதற்குப் பெரிய பாராட்டு, நல்ல கூலி. யோசித்துப் பாருங்கள். தவறு செய்தால் அடி என்று மட்டுமே கற்ற ஒரு நாய், எஜமான் சொல்லை மறுக்க எவ்வளவு தயங்கும்? முயன்று பார்க்கும் துணிச்சல் இருக்கிற நாய்தான் 'இப்போது வேண்டாம்' என்று சொல்லும். பழைய முறையில் பழகிய நாய்களும் இதைச் செய்தன என்பது உண்மை. ஆனால் தானாக யோசித்து நடப்பது என்பது பரிசு முறையில் பயிற்சியின் முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

சில சந்தேகங்கள்

ஹாஸ்டலில் இதைப் பற்றிப் பேசியபோது நண்பர்கள் கேட்டவை இவை.

"தீனி காட்டி வேலை வாங்கறது லஞ்சம் இல்லையாடா?" லஞ்சம் வேலைக்கு முன்னால் காட்டப்படுவது. சம்பளம் வேலை முடிந்தபின் வருவது. பிஸ்கட்டை ஆட்டிக் காட்டித்தான் நாய் வருமென்றால் அது லஞ்சம்தான், பயிற்சி இல்லை. வேலை நன்றாகப் படிந்தபின் தீனியை ஒவ்வொரு முறையும் தராமல் இடைவெளி விடுவார்கள், பாராட்டும் விளையாட்டும் சேரும்.

"அப்போ ஓட்டல்ல இலையை நக்கப் போயிடாதா?" அதற்கும் பாடம் உண்டு. கீழே கிடக்கும் தீனியை விட்டு முகத்தைத் திருப்பினால்தான் கையிலிருந்து தீனி வரும். விட்டால் கிடைக்கும் என்று கற்ற நாய் கீழே கிடப்பதைச் சீந்தாது.

"எல்லா நாயையும் இப்படி ஆக்கிடலாமா?" முடியாது. பிரெலண்ட் தம்பதிகளே 1961-ல் இதை ஒப்புக்கொண்டு எழுதினார்கள். உண்டியலில் காசு போடக் கற்ற ரக்கூன், நாளாவட்டத்தில் காசைப் போடாமல் இரண்டு கையிலும் வைத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டது. பிறவிக்குணம் குறுக்கே வரும். அதனால்தான் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் என்று பொருத்தமான குட்டிகளைப் பார்த்து எடுக்கிறார்கள். அப்படியும் கணிசமான நாய்கள் தேறுவதில்லை. பட்டாசுக்குப் பயப்படுகிற நாயையும் பூனையைக் கண்டால் பாய்கிற நாயையும் கண் தெரியாதவரிடம் கொடுக்கலாமா? ஆனால் 'பெயில்' என்று சொல்வதில்லை, 'வேலை மாற்றம்' என்கிறார்கள். அந்த நாய் வேறு வேலைக்கோ, ஒரு நல்ல வீட்டுக்கோ போய்விடும்.

பயிற்சியாளருக்கு வைக்கும் பரீட்சை

நாய்க்குப் பரீட்சை வைக்கும் நாளில் உண்மையில் மாட்டிக்கொள்வது பயிற்சியாளர்தான். கண்ணை இறுகக் கட்டிக்கொண்டு, தான் பழக்கிய நாயின் கைப்பிடியைப் பிடித்து, வண்டிகள் ஓடும் தெருவில் அவரே நடக்க வேண்டும். அவசரத்துக்குக் குறுக்கே வர இன்னொருவர் பின்னால் வருவார் என்றாலும், காலை எடுத்து வைக்கும்போது எப்படி இருக்கும்! சோம்பலில் தாண்டிவிட்ட ஒவ்வொரு படியும் அப்போது ஞாபகத்துக்கு வரும். நாம் செய்த பி.சி.பி.யில் நம் கையை வைத்து ஷாக் அடிக்கிறதா என்று பார்ப்பது மாதிரி.

அது முடிந்ததும் இன்னொரு பரீட்சை. மாதக்கணக்கில் கூடவே நடந்த நாயை, புதியவர் ஒருவரின் கையில் கொடுத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். நாய் தன்னையே திரும்பிப் பார்த்தால், தான் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். தன்னை விட்டுப் போய் இன்னொருவருக்கு உதவும் அளவுக்கு வளர்த்துவிடுவதுதான் இந்தத் தொழிலின் வெற்றி. நம் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் செய்வதும் இதுதானே?

நான் செய்து பார்த்தது

மணி போன ஆறாம் மாதம் தெருவில் கிடந்த ஒரு குட்டியை எடுத்து வந்தேன். க்ளிக்கர் கிடைக்கவில்லை. தலையை அமுக்கினால் 'டிக்' என்கிற பால்பாயின்ட் பேனா இருந்தது, அதுவே போதுமென்று விட்டேன். தீனிக்கு வறுத்த வேர்க்கடலை அளவு இட்லித் துண்டு. 'வா' என்ற ஒரே சொல்லை மட்டும் மூன்று வாரம் பழக்கினேன். முதலில் வீட்டுக்குள், பிறகு கொல்லையில், பிறகு நீளக் கயிறு கட்டித் தெருவில். வந்தால் எப்போதும் நல்லதுதான் நடக்கும். எவ்வளவு கோபம் இருந்தாலும் கூப்பிட்டு அடிப்பதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். இதுவும் ஒரு முறை என் செருப்பைக் கடித்தது. செருப்பை எடுத்துப் பரண் மேலே வைத்தேன். தப்பு என் பேரில், கீழே விட்டவன் நான்தானே. இன்று அது தெருமுனையில் நின்றாலும் ஒரு குரலுக்குப் பறந்து வருகிறது. அப்படி வரும்போதெல்லாம் எனக்கு மணியின் நினைவு வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாணவர் பேரவை முதலாண்டு மாணவர்களுக்காக நடத்திய மாலை நேர சால்டரிங் வகுப்பில் நானும் சொல்லிக்கொடுத்தேன். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த ஒரு தம்பி. கை நடுங்கும். ஒவ்வொரு ஜாயின்ட்டும் டிரை சால்டர். "எத்தனை தடவைடா சொல்றது?" என்று நான் கத்தக் கத்த அவன் கை இன்னும் நடுங்கியது. ஒரு நாள், "அண்ணே, நான் டி.சி. வாங்கிட்டுப் போயிடலாம்னு இருக்கேன். வீட்டுல இன்னும் சொல்லல" என்றான். காதை மடக்கிப் பின்வாங்கிய மணிதான் என் கண்முன் வந்து நின்றது.

மறுநாள் முதல் கத்துவதை நிறுத்தினேன். வேலையை உடைத்தேன். முதலில் அயர்ன் முனைக்கு ஈயம் பூசுவது மட்டும். அது வந்தபின் பேடையும் கம்பியையும் சேர்த்துச் சூடாக்குவது மட்டும். பிறகு ஈயத்தை அயர்னில் வைக்காமல் ஜாயின்ட்டில் வைப்பது. ஈயம் பளபளவென்று வழிந்து ஓடும் அந்த விநாடியில் "ஆங், இதுதான்" என்பேன், வேறு பேச்சில்லை. மனிதன் நாய் இல்லை. ஏன் என்று அவனுக்கு விளக்கமும் சொன்னேன், அவன் கேட்ட கேள்விகளுக்குப் பதிலும் சொன்னேன். இரண்டு வாரத்தில் ஒரு பவர் சப்ளை போர்டை முழுசாக முடித்தான். முதல் தடவை வேலை செய்யவில்லை. டையோடு ஒன்று திருப்பிப் போட்டிருந்தான். அவனே கண்டுபிடித்து மாற்றினான். டி.சி. பேச்சு அதன்பின் எழவில்லை.

முடிவாக, இந்தப் பயிற்சியாளர்களிடம் நான் கற்றவை இவை:

1. தப்பைத் தேடுகிற கண்ணால், சரியானதையும் தேடு. கண்டதும் அந்த விநாடியே சொல்.
2. காலம் கடந்த தண்டனை, வேறு ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிடும்.
3. முடியவில்லை என்றால் படி உயரமாக இருக்கிறது. உடைத்துச் சின்னதாக்கு.
4. உன்னை நம்பி வந்தவனை, வந்ததற்காக அடிக்காதே.
5. 'வேண்டாம்' என்று சொல்லும் துணிவையும் கற்றுக்கொடு. ஒரு நாள் அது உன் உயிரைக் காக்கும்.

அடுத்த ஆண்டு நம்மில் பலர் ஏதாவது ஒரு பட்டறையில் சூப்பர்வைசராகவோ, வீட்டில் தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லித்தருகிறவராகவோ இருப்போம். நம் கையின் கீழும் யாராவது வருவார்கள். கூப்பிட்டால் அவர்கள் ஓடி வருவார்களா, பின்வாங்குவார்களா என்பது நம்மிடம்தான் இருக்கிறது.